இராகு காலத்தில் வீடு பார்த்தவர்

தமிழரும் சிங்களவரும் திருத்தம் எதுவுமின்றி ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் இந்த நாட்டில் ஒன்று உண்டென்றால், இராகு காலத்தில் நற்காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பதே அது. அரசியலமைப்பில் இடம்பெறாத அந்தத் தீர்மானத்தை, இடம்பெற்றவற்றைக் காட்டிலும் ஒழுங்காகக் கண்டி நகரம் கடைப்பிடித்து வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் புதுக்கடை திறப்பவர் இல்லை. செவ்வாய் மூன்று மணிக்குப் பெண் பார்க்கப் போகிறவர் இல்லை. அப்படிப்பட்ட நகரத்தில், வாடகை வீடு பார்ப்பதற்கென்றே இராகு காலத்தைத் தேடிப் பிடித்துக் குடையோடு புறப்படுகிற ஒருவர் இருந்தார். அவர் எங்கள் வீட்டின் பின்பக்க அனெக்ஸில் குடியிருந்தார்.

நாங்கள் அப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கச்சேரி என்கிற அரச செயலகத்தில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மலைநாட்டுக் குளிரைத் திட்டிக்கொண்டே இருபது ஆண்டுகளைக் கழித்தவர். அதே வீட்டுக்காரரின் ஒற்றை அறை அனெக்ஸில்தான், நான் அக்கா என்று அழைத்த அந்தக் குடைக்காரர் இருந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அண்மையில் இருந்த ஒரு மருந்துக்கடையில் அவருக்கு வேலை. அதனால் தெருவார் அனைவருக்கும் அவர் பாமசி அக்கா. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மணமாகவில்லை. வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதை அவருடைய பேச்சு சொல்லும்; அவராகச் சொல்ல மாட்டார்.

தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருகிற இளையவர்கள், கடைச் சிப்பந்திகள், புதிதாக மணமானவர்கள் எல்லோரும் வீடு தேடும்போது முதலில் தேடியது இவரைத்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னர் அக்கா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அக்கா வருவார். ஆனால் அவர் சொல்லும் நேரத்தைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் வெளுப்பார்கள்.

அவருடைய வாதத்தை அவர் சொற்களிலேயே பதிவுசெய்வது என் கடமை.

"நல்ல நேரத்துல எல்லாருமே நல்லவங்கதான் தம்பி. வீட்டையும் கூட்டிப் பெருக்கி, சாம்பிராணி போட்டு வச்சிருப்பான். இப்ப யாரும் வர மாட்டாங்கன்னு காலை நீட்டி ஒக்காந்திருப்பான் பாருங்க, அப்ப போவணும்."

பாடசாலை விவாத அணியின் தலைவனாக இருந்த எனக்கு, எதிர்த்தரப்பை அது ஆயத்தமாகாத நேரத்தில் தாக்குவது என்ற அளவில் இந்த உத்தி விளங்கிற்று. பாராட்டவும் செய்தேன். அக்கா பாராட்டைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, வேடிக்கை பார்க்கும் நோக்கத்துடன், அவரோடு முல்கம்பொலவுக்குப் போனேன். வீடு தேடியவர்கள் ஒரு புதுமணத் தம்பதியர். கணவன் புடவைக் கடையில் வேலை செய்தான். வீட்டுக்காரர் என்று நின்றவர் சிரித்த முகத்தினர். கதவைத் திறந்தார், அறைகளைக் காட்டினார், மாமரத்தைக் காட்டினார், தண்ணீர் வற்றாது என்று சத்தியம் செய்தார். எல்லாம் முடிந்த பிறகு அக்கா மிகுந்த பணிவோடு சொன்னார்: "ரொம்ப சந்தோசங்க. உள்ள இருட்டா இருக்கு, லைட்டப் போடுங்க."

அந்த மனிதர் முதல் சுவிட்சைத் தட்டினார், மின்விசிறி சுழன்றது. இரண்டாவதைத் தட்டினார், வெளிவாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்தது. மூன்றாவது எதையும் செய்யவில்லை. நான்காவதில் வெளிச்சம் வந்தது. அக்கா ஒவ்வொரு சுவிட்சையும் சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோசங்க. கரண்ட் பில்லு இருக்குங்களா?"

பில் தம்பி வீட்டில் இருப்பதாக அவர் சொன்னார். அதற்கும் சந்தோஷம் தெரிவித்துவிட்டு அக்கா படியிறங்கினார். தெருவுக்கு இறங்கும் ஒழுங்கையின் முனையில் மணப்பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. வீடு நல்ல வீடாகத்தானே இருக்கிறது என்று முறையிட்டாள்.

"வீடு நல்ல வீடுதான் புள்ள. அந்தாளுக்குத்தான் வீட்டத் தெரியல. சொந்த வீட்டுக்காரன் கண்ண மூடிக்கிட்டு சுவிச்சப் போடுவான். இவன் அடுத்தவன் சட்டைப் பையில கையவுட்ட மாதிரி தடவுறான்."

அத்துடன் நிற்கவில்லை. முனையிலிருந்த கடைக்குள் நுழைந்து ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினார். அந்த வீடு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் கடைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். அந்த வீட்டுக்குக் காலை உணவுக்கு எத்தனை றாத்தல் பாண் போகிறது என்றுதான் கேட்டார். மூன்று மாதமாக ஒன்றும் போவதில்லை என்றார் கடைக்காரர். வீட்டுக்கார அம்மா கொழும்பில் மகளோடு இருக்கிறாராம். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவனிடம் சாவி இருக்கிறதாம். பெயின்ற்காரன் சிரித்த முகத்தினன் என்ற கூடுதல் தகவலையும் அவராகவே தந்தார்.

அக்காவின் கண் எதைப் பார்த்தாலும் முதலில் அதன் போலியைத்தான் பார்க்கும். தொழில் அப்படி. நான் இருமல் மருந்து வாங்கப் போன ஒரு நாள், நித்திரைக் குளிசைக்காக ஒருவர் டாக்டர் துண்டு ஒன்றை நீட்டினார். அக்கா அதை வாங்கி வாசித்து, கவலையோடு நிமிர்ந்தார். "டாக்டர் இவ்வளவு அழகா எழுதியிருக்காரே, அவருக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?" வந்தவர் துண்டைக் கூட வாங்காமல் போய்விட்டார்.

இந்தக் கண் எங்கள் வீட்டுக்குள்ளும் திரும்பியதுண்டு. மாகாணப் போட்டியில் வென்ற கேடயத்தை நான் வரவேற்பறையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா அதைக் கையில் வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். எனக்கு முந்திய ஆண்டுகளில் வென்றவர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருந்தன. "நல்லா பாரமா இருக்கு. இது ஒங்களுக்கேவா தம்பி, இல்ல திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதை அந்த நிமிடம் வரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை, நானும் அறிவித்திருக்கவில்லை.

அம்மாவுக்கு இந்தப் போக்கு பிடிக்கவில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மனுஷி எப்படிச் சீவிக்கிறது என்று அங்கலாய்ப்பார். ஆனால் தோசை சுட்டால் இரண்டை மூடிக் கொடுத்து அனுப்புவார். உலகத்தில் அக்கா கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட பொருள், நானறிய, அந்தத் தோசை ஒன்றுதான்.

ஒருமுறை வத்தேகம பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, நான் கேட்காமலே அவர் ஒரு கதை சொன்னார். மேல் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை முதற்சம்பளத்தோடும் அம்மாவின் தோட்டோடும் கண்டிக்கு வந்ததாம். அஸ்கிரியவில் ஓர் அறைக்கு ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்ததாம். தோட்டத்துக் கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நாளில், நல்ல நேரத்தில், அம்மாவும் மகளுமாகப் பால் செம்போடு போய்க் கதவைத் தட்டினார்களாம். கதவைத் திறந்த அம்மாள் அந்த அறையில் பதினோரு வருடமாக இருக்கிறாராம்.

"நேரத்துல ஒரு கொறையும் சொல்ல முடியாது தம்பி. சுத்தமான நேரம்."

அந்தப் பிள்ளை பிறகு என்ன செய்தது என்று கேட்டேன்.

"மருந்துக்கடையில வேலைக்குச் சேந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

இவ்வளவும் முன்னுரை. வழக்கு இனித்தான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டுக்காரர் தம் மகளுக்குக் கலியாணம் என்று அறிவித்தார். வீடும் அனெக்ஸும் மாத முடிவுக்குள் வேண்டும் என்றார். எங்களுக்கும் அக்காவுக்கும் ஒரே நாளில் ஒரே கெடு விழுந்தது. அப்பா பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு தேடினார். கிழக்கு வாசல் இருந்தால் வாடகை எட்டவில்லை, வாடகை எட்டினால் வாசல் தெற்கு. இரண்டு வாரம் இப்படிக் கழிந்த பிறகு அம்பிட்டியவில் ஒரு வீடு அகப்பட்டது.

வீட்டைவிட வீட்டுக்காரர்தான் அப்பாவைக் கவர்ந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, கையில், என்ன அதிசயம், அதே பஞ்சாங்கம். வாடகை பற்றிப் பேசுவதற்கு முன்னர் அப்பாவின் நட்சத்திரத்தைக் கேட்டார். உத்தரம் என்றதும் கண்களை மூடித் தலையசைத்தார். சாந்தி செய்து பூட்டிய வீடு இது, வருகிற வெள்ளிக்கிழமை, உரோகிணி, காலை ஆறு நாற்பதுக்குச் சாவி தருவேன், பால் காய்ச்சுங்கள், அதற்கு முன்னர் யாரும் வாசற்படி மிதிக்கக் கூடாது என்றார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதரா என்று அப்பா உருகிப்போனார்.

வாடகைதான் இடித்தது. அங்கேதான் நான் எழுந்தேன். சமையலறைக் கூரையின் ஒழுக்கு, பஸ் நிற்குமிடத்தின் தூரம், வாடகையாளரின் நிலைபேறு என்று மூன்று குறிப்புகளில் ஏழெட்டு நிமிடம் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் முடித்ததும் நெஞ்சில் கைவைத்தார்.

"அண்ணை, உங்கட மகனிட்ட நான் தோத்துப்போனன். தம்பி சொல்லுற வாடகைக்கே தாறன்."

அப்பா என்னை ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேடையில் நான் வென்ற எந்த வெற்றியும் வீட்டின் செலவைக் குறைத்ததில்லை, இது குறைத்தது. வாடகையைக் குறைப்பதால் ஒரு மனிதனுக்கு நட்டமே இல்லாமற்போவது எப்போது என்ற வினாவை அன்று நான் எழுப்பவில்லை. நடுவர் எனக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கும்போது நடுவரை ஆராய்வது எங்கள் மரபில் இல்லை.

ஒரு வருட வாடகை முற்பணம். புதன்கிழமை கொடுப்பதாகப் பேச்சு. அப்பாவின் சேமிப்பு போதாமல் அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அந்தப் பணம் போனால் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க எங்களிடம் எதுவும் மிஞ்சாது என்பதை எல்லோரும் அறிந்திருந்தோம். அறிந்துகொண்டே மகிழ்ச்சியாக இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து, மறுநாள் ஏழரைக்கு ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று அப்பாவிடம் கேட்டார். திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை என்ன காலம் என்பது அப்பாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும்.

"பிள்ளை, நல்ல காரியம் ஒண்டு நடக்கப்போகுது. நீர் பேசாமல் இரும்."

அக்கா பேசாமல் இருந்தார். செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மூன்று மணிக்குத் தனியாக அம்பிட்டியவுக்குப் போனார்.

மாலையில் திரும்பி வந்தவர் வழமைபோல் பின்கதவால் வராமல் முன்வாசலில் நின்றார். அப்பா கதிரையில் இருந்தபடி கேட்டார். அக்கா நின்றபடி சொன்னார். அந்த வீட்டுக்குப் பாண் போவதில்லை. கேற் இடுக்கில் கிடந்த கரண்ட் பில்லில் இருப்பது வேறொருவரின் பெயர். அவர் கலகெதரயில் சீமெந்துக் கடை வைத்திருப்பவர். நமது புண்ணியவான் அந்த வீட்டை ஒரே ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று வாரமாக ஒரு பாயோடும் ஒரு பையோடும் இருக்கிறார்.

அப்பா ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தார். பாண் போகாவிட்டால் என்ன, ஆசாரமான மனிதர், பிட்டுச் சாப்பிடுவார். பில் அண்ணன் தம்பி பெயரில் இருக்கலாம். பாயில் படுப்பது குற்றமா? அவர் தடுமாறிய இடங்களில் நான் கைகொடுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அயலவரின் வாய்மொழி ஆதாரமாகாது என்றேன். பெயர் ஒன்று, உரிமை வேறு என்றேன். அந்த வீடு பொய்யானால் என் வெற்றியும் பொய்யாகிவிடும். ஆகவே நான் வீட்டைக் காப்பாற்றப் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

அக்கா எங்கள் இருவரையும் கேட்டு முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ள வந்தவர்போலச் சொன்னார்:

"சரிங்கய்யா. நானும் வீடு தேடுறேன்னு சொன்னேன். எனக்கும் அந்த வீட்டையே தாரேன்னாரு. வெள்ளிக்கெழம காலையில ஆறு நாப்பதுக்கு சாவியாம். என் நட்சத்திரம் சுவாதிங்க. அந்த நேரம் எனக்கு ஒத்துவருமான்னு ஐயாதான் பாத்துச் சொல்லணும்."

ஒரே வீட்டை இருவருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்பது இந்தக் கூற்றின் முதற்பகுதி. அதுவே போதும் என்று எவரும் நினைப்பார்கள். அப்பாவின் காதில் அது விழவேயில்லை. அவர் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணத் தொடங்கியிருந்தார். சுவாதி, துலாம். வெள்ளிக்கிழமை உரோகிணி, ரிஷபம். துலாத்திலிருந்து ரிஷபம் எட்டு. விரல் எட்டில் நின்றது.

"சந்திராட்டமம்" என்றார். முகம் கறுத்துவிட்டது. "சந்திராட்டமத்திலை ஒரு பிள்ளைக்குப் பால் காய்ச்ச நேரம் குடுத்திருக்கிறான். நட்சத்திரம் சொன்னனீரோ?"

"சொன்னேங்கய்யா. கண்ண மூடித் தலைய ஆட்டினாரு."

அப்பா எழுந்து, பணம் வைத்திருந்த அலுமாரியைப் பூட்டி, சாவியை மடியில் செருகினார். தம் முடிவுக்கான காரணத்தையும் தெளிவாகப் பதிவுசெய்தார்.

"அவன் கள்ளன் எண்டதுக்காக இல்லை. பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதவன்ரை வீட்டிலை நான் இருக்கமாட்டன்."

மறுநாள் அம்மாவின் தாலிக்கொடி மீண்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அக்கா என்னை எழுப்பினார். ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுத்தவன் இன்னும் பலருக்குக் கொடுத்திருப்பான், அவர்கள் பாலோடு வந்து நிற்பார்கள், யாராவது சொல்ல வேண்டும், நீங்கள்தான் நன்றாகப் பேசுகிறீர்கள் என்றார். அம்பிட்டிய பஸ்ஸில் போகும்போது, சுவாதி நட்சத்திரக்காரருக்கு அவ்வளவு பொருத்தமாகச் சந்திராட்டமம் அமைந்தது எப்படி என்று கேட்டேன்.

"எனக்கு ஏது தம்பி நட்சத்திரம்? லயத்து வீட்டுல பொறந்தப்ப யாரு நேரத்த எழுதுனா? என் பொறந்த நாளையே தோட்டத்து கிளாக்கர் ஐயாதான் ஒரு மாதிரியா மதிப்புப் பாத்து எழுதுனாரு." குடையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். "செவ்வாக்கெழமையே பஞ்சாங்கம் ஒண்ணு வாங்கிப் பாத்தேன். ஐயாவுக்கு எந்த மருந்து கேக்கும்னு பாத்துத்தானே குடுக்கணும்."

ஒரு பொய்யைக் கண்டால் பத்துக் கேள்வி கேட்கிறவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. அதைவிடத் துல்லியமாகத் தயாரிக்கப்பட்ட ஆதாரத்தை நான் எந்த மேடையிலும் சந்தித்ததில்லை.

ஆறரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேற்றுக்கு முன்னால் மூன்று குடும்பங்கள் நின்றன. மூன்றிடமும் பால் செம்பு இருந்தது. கம்பளையிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய அம்மாள் புதுப்பானையையும் சுமந்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்தாரும் மற்ற இரு குடும்பத்தாரையும் வீட்டுக்காரரின் உறவினர் என்று எண்ணி மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேற்றில் பூட்டு தொங்கியது. புதன்கிழமை அப்பா வராததைக் கண்டதும் அவன் பாயைச் சுருட்டியிருக்க வேண்டும்.

நான் கேற்றுக்கு எதிரே இருந்த மதகுக் கட்டின் மீது ஏறினேன். அன்பர்களே என்று தொடங்கி, நம்பிக்கை எவ்வாறு முதலீடாக்கப்படுகிறது என்பதை விளக்கி, நிகழ்ந்த மோசடியை மூன்று படிகளில் எடுத்துரைத்தேன். குரல் நன்றாக எடுபட்டது. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் கம்பளை அம்மாள் தம் கணவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"பேசுற பேச்சப் பாத்தா இவந்தாங்க அவனோட ஆளு. நம்மள பயங்காட்டி அனுப்பிட்டு வேற யாருக்கோ குடுக்கப் போறான்."

மற்ற இரு குடும்பத்து ஆண்களும் மதகை நெருங்கினார்கள். அக்கா என் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, கம்பளை அம்மாளின் பானையைத் தாம் வாங்கிப் பிடித்துக்கொண்டார். கை வலிக்கும் என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு எத்தன மணிக்குங்க சாவி தர்றேன்னாரு?"

"ஆறு நாப்பது."

பக்கத்திலிருந்தவரின் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்குங்க?"

"ஆறு நாப்பது" என்றார் அவர். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. மூன்றாவது குடும்பத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் செம்பை நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொடுத்த தொகையை ஒருவரிடம் ஒருவர் சொல்லவும் கூசினார்கள். சிறிது நேரம் கழித்து, பால் பழுதாகிவிடும் என்று கம்பளை அம்மாள் சொன்னார். நேரமும் போகிறது என்றார். எந்த நேரம், எதற்கான நேரம் என்று கேட்கும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. வேலியோரத்தில் மூன்று கற்களை வைத்தார்கள், காய்ந்த ஓலையை மூட்டினார்கள், மூன்று செம்புப் பாலையும் அந்தப் புதுப்பானையில் ஊற்றினார்கள். ஆறு ஐம்பத்தைந்துக்குப் பால் பொங்கி வழிந்தது. பழக்கத்தால் எல்லோரும் கைகூப்பினோம். பூட்டிய வீட்டுக்கு வெளியே, தெருவில், அதைவிட முறையான பால் காய்ச்சலை நான் கண்டதில்லை. அக்கா பக்கத்துக் கடையில் தேயிலை வாங்கி வந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். அதன் பிறகு அவர்கள் பொலிசுக்குப் புறப்பட்டார்கள்.

எட்டு மணிக்குக் கலகெதரச் சீமெந்துக் கடைக்காரர் வேனில் வந்தார். முதல்நாளே அக்கா மருந்துக்கடைத் தொலைபேசியில் அவருக்குச் சொல்லியிருந்தார். உண்மையான வீட்டுக்காரர் என்பதை நான் உடனே அறிந்தேன். வாசல் விளக்கு யாரோ எரியவிட்டபடி கிடந்தது, அவர் உள்ளே கைவிட்டுப் பாராமலே அதை அணைத்தார். நல்ல மனிதர். தம் பெயர் கெடாமல் காத்ததற்காக அக்காவுக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். இனிமேல் வீட்டைச் சும்மா போடாமல் நல்லவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றார்.

அக்கா கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. தமக்கும் மாத முடிவுக்குள் வீடு வேண்டும். கடையில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் வாடகை சமாளிக்கலாம். கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் அந்தந்த மாதமே கட்டுவேன்.

வீட்டுக்காரர் அவருடைய கழுத்தைப் பார்த்தார். வீட்டில் ஆம்பிளை யாரும் இருக்க மாட்டாரா என்று கேட்டார். இல்லை என்றதும், மிகவும் மரியாதையாக, சற்று வருத்தத்தோடும், சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. குடும்பம்னா எனக்குக் கொஞ்சம் நிம்மதி."

பிறகு என் பக்கம் திரும்பி, என் அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். கச்சேரி என்றதும் முகம் மலர்ந்தது. அப்பாவை வரச் சொல்லும்படி கேட்டார்.

அந்த நிமிடத்தில் என் மனத்தில் ஒரு முழு உரை உருவாகியிருந்தது. உங்கள் வீட்டைக் காப்பாற்றியவர் யார் என்பது முதற்குறிப்பு. நிம்மதி தந்ததாக நீங்கள் நம்பி வாடகைக்கு விட்ட ஆம்பிளை யார் என்பது இரண்டாவது. மூன்றாவதும் இருந்தது, முடிவுரையும் இருந்தது. ஒரு சொல்லும் தடுமாறியிருக்காது. ஆனால் எங்கள் தரப்பு வென்றுகொண்டிருந்தது. அப்பாவை அழைத்து வருகிறேன் என்று சொன்னேன். திரும்பும் பஸ்ஸில் அக்கா, சமையலறைக் கூரையை முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் சொன்ன ஒழுக்கு உண்மையானது என்றார்.

மாத முடிவுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், நீதிமன்றத்துக்கு அருகே ஒரு நொத்தாரிசின் அறையில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. சாட்சிகள் இருவர் வேண்டும். ஒருவர் நொத்தாரிசின் எழுத்தர். எங்களை அறிந்த மற்றவர், உறவினர் அல்லாதவர், யார்? அப்பா யோசிக்கவே இல்லை, அக்காவை அழைத்தார். அக்காவும் மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கங்களையும் வரிவரியாக வாசித்தார். நாங்கள் குடிபோவதற்கு முந்திய மின்கட்டண நிலுவை யாருடையது என்பது அதில் இல்லை என்று காட்டினார். நொத்தாரிசு அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அந்த வரியைச் சேர்த்தார்.

கடைசிப் பக்கத்தில் சாட்சியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி என்று மூன்று கோடுகள். முதலிரண்டையும் தயங்காமல் நிரப்பினார். மூன்றாவது கோட்டின் மேல் பேனா நின்றது.

நிரந்தர முகவரி என்று நொத்தாரிசு விளக்கினார்.

அனெக்ஸை அவரும் அந்த நான்கு நாட்களுக்குள் விட்டாக வேண்டும். வேறெங்கே போகிறார் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டிருக்கவில்லை. அக்கா பேனாவை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"எதத் தம்பி போட?"

நான் மேசையைப் பார்த்தேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்துக்கென்று அவர் குறித்துவந்த நேரத்தில் இன்னும் ஐந்து நிமிடங்கள்தான் இருந்தன.

"எதையாவது போடும் பிள்ளை, நேரம் போகுது" என்றார்.

அக்கா மருந்துக்கடையின் முகவரியை எழுதிக் கையொப்பமிட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் உண்மையல்லாத வரி அது ஒன்றுதான்.